இம்மானுவேல் கான்ற்

பால்டிக் கடலை அடுத்து, புருசிய நாட்டின் கீழ்த்திசைக் கோடியில் உள்ள கோனிக்ஸ்பேர்க் என்னும் துறைமுக நகரில், 1724ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் இம்மானுவேல் கான்ற் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணவார் செய்து சீவனம் நடத்தியவர். பிள்ளைகள் ஒன்பதின்மர். இறைபத்தி மிக்க அன்னையார் இவரது பதின்மூன்றாம் வயதிற் காலமானார். வறுமையிடையேயும் கல்வியைக் கைவிடாது பதினாறாம் வயதிற் பல்கலைக்கழகம் புகுந்தார்.

தந்தையாரும் 1746இல் இறந்தபின், செல்வர் வீடுகளிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிச் சில ஆண்டுகள் கழித்தார். 1755இற் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்யத் தொடங்கினார். அரசு கொடுக்கும் சம்பளம் யாதுமில்லை. கேட்க வரும் மாணாக்கர் தரும் பணமே ஊதியம். ஏழாண்டுப் போரிலே, 1758இல் உருசியப் படை நகரைக் கைப்பற்றி 1762 வரை வைத்திருந்தது. வென்ற படையின் அலுவலரும் அவர் வகுப்பில் அமர்ந்து பாடங் கேட்டனர். வெறுமையாயிருந்த பேராசிரியர் பதவியொன்றுக்கு உருசியப் பேரரசிக்கே விண்ணப்பம் எழுதினார், கிட்டவில்லை. 1770இல், நாற்பத்தாறாம் வயதிலேதான் பேராசிரியரானார். பதவியுயர்வு தாழ்க்கின்றதென வருந்தும் ஆசிரிய நண்பர்கள் இதனை நினைந்து ஆறுவாராக.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையாளாகிய பழைய படைவீரர் லாம்பே எழுப்பிவிடுவார். அவர் உலாவப் புறப்படும் நேரத்தைக் கண்டு அயலார் கடிகாரத்தைச் சரிசெய்வர் என்பது யாவருமறிந்த கதை. தம் மாகாணத்தைத் தாண்டி அவர் சென்றதில்லை. ஆயினும் பூமிசாத்திரத்தைப் பல்லாண்டு கற்பித்தார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தை அவர் வருணிக்கக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், அவர் அந்நகரில் வாழ்ந்தவரோ என வியந்து வினவினாராம். அப்பாடங்களில் வெள்ளையரல்லாத மக்களைத் தாழ்த்திக் கூறிய இடங்களும் உண்டு. அக்குறையை மறைத்தல் முறையன்று.

அவர் புகழை நிலைநாட்டிய 'தூய அறிவின் திறனாய்வு' 1781இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. சமயத்தை அறிவுகொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய நூல் இரண்டாம் பிரடரிக் வில்லியம் மன்னனின் சினத்தை மூட்டிற்று. 1794இல் அரச கட்டளை வந்தது. எழுபது வயதுக் கிழவர், மன்னனின் குடி என்ற முறையில், சமயம்பற்றி இனி எழுதுவதில்லை என வாக்களித்தார். 1797இல் மன்னன் இறந்ததும் அவ்வாக்கும் முடிந்ததெனக் கொண்டு மீண்டும் எழுதினார். இதனைச் சாதுரியம் என்பாரும் உளர். கோழைமை என்பாரும் உளர். அக்காலத்துப் பேராசிரியர் ஒருவருக்கு வேறு வழி அரிதென்பதே எம் கருத்து.

வாய் கட்டப்பட்டிருந்த அந்நாளிலேயே, 1795இல், 'நிலையான அமைதி' என்னும் சிறுநூலை வெளியிட்டார். புருசியாவும் பிரான்சும் பாசெல் நகரில் அப்பொழுதுதான் உடன்படிக்கை செய்திருந்தன. அந்நூற்பெயர், இடுகாட்டுச் சித்திரம் தீட்டிய ஒல்லாந்த விடுதிப் பலகையொன்றில் இருந்தது என்று நகையாடித் தொடங்குகிறார். நிலைப்படைகள் காலப்போக்கில் ஒழிதல் வேண்டும், போருக்காகக் கடன்படலாகாது, ஒரு நாட்டை மரபுரிமையாகவோ, விலைக்கோ, கொடையாகவோ மற்றொரு நாடு பெறலாகாது என விதித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில், அதே பெரும்போரின் விளைவாக, எமது யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். குடிகளை எவருங் கேட்கவில்லை. கான்ற் அச்செய்தியைப்பற்றி எழுதவில்லையெனினும், கீழைத்தேயங்களில் வணிகரென இறங்கிய ஐரோப்பியர் படைகளைப் புகுத்தி, பஞ்சத்தையும் கொடுமையையும் விளைத்ததை அந்நூலில் வன்மையாகக் கண்டித்தார்.

உலகம் முழுவதற்கும் ஓர் அரசு அமையலாமா என்ற வினாவில்தான் அவர் உள்ளம் இருபாற்பட்டது. தனிமனிதர் காட்டுவாழ்வை விட்டுச் சட்டத்துக்கு அடங்கியதுபோல நாடுகளும் ஒரு பொதுச் சட்டத்துக்கு அடங்குவதே அறிவுக்கு ஒத்தது என்று அவர் கண்டார். அவ்வளவில் உலகக் குடியரசை அவர் மறுத்தாரில்லை. ஆனால் ஒருவன் ஏனையோரை விழுங்கி உலகப் பேரரசனாவானாயின், ஆட்சி விரிய விரியச் சட்டம் வலுக்குன்றும். உயிரற்ற கொடுங்கோன்மை தோன்றும். அதுவும் ஈற்றிற் குழப்பமாகச் சிதையும் என்று அஞ்சினார். மொழியும் சமயமும் பலவாயிருத்தல் அவ்விழுங்கலைத் தடுக்கும் இயற்கையின் ஏற்பாடு என்றுங் கருதினார். நாடுகளும் தம் உரிமையை விட்டுக்கொடுக்க இசையா. ஆகவே, சுதந்திர நாடுகள் தாமாகச் சேரும் கூட்டமைப்பொன்றையே, உலகக் குடியரசுக்குப் பதிலாக, குறைநிறைவென்று அறிந்துகொண்டே முன்வைத்தார். போரைத் தடுத்துநிற்குமேயன்றி அது முற்றாக ஒழிக்குமென்று அவர் சொல்லவில்லை. 1920இற் சர்வதேச சங்கமும், 1945இல் ஐக்கிய நாடுகள் தாபனமும் தோன்றியபோது அறிஞர் பலர் இச்சிறுநூலை மீண்டும் எடுத்துப் படித்தனர்.

கான்ற் 1804ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் காலமானார். உடலைப் பேராலயத்தின் பக்கத்தே அடக்கஞ் செய்தனர். 1944 ஆகஸ்ற்றில் ஆங்கிலேய விமானங்கள் அந்நகரை எரித்தன, பேராலயமும் எரிந்தது. அடுத்த ஆண்டு நகரம் சோவியத் படையின் கைக்கு மாறிற்று. 1946இற் கலினின்கிராட் எனப் பெயர் பெற்றது. ஜேர்மானியக் குடிகள் வெளியேற்றப்பட்டனர். கான்றின் கல்லறை மாத்திரம் பழைய இடத்திலேயே இருக்கின்றது.