சிறு வேடங்களின் பெருங்கலைஞர்: லோலா காவோஸ்

அழகிய முகமும் இனிய குரலும் வாய்த்தவர்களே திரையில் நிலைபெறுவர் என்னும் எண்ணம் எல்லா நாட்டுத் திரையுலகிலும் வேரூன்றியுள்ளது. ஸ்பெயின் நாட்டு நடிகை லோலா காவோஸ் அந்த அளவுகோலுக்குள் அடங்காதவர். ஒட்டிய கன்னங்களும் ஊடுருவும் கண்களும் கரகரத்த குரலுமே அவர் கொண்டுவந்த முதல். கதாநாயகி வேடத்துக்கு உரியவராகத் திரையுலகம் அவரைக் கருதவில்லை. ஆயினும் அந்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் தலையாய படங்கள் மூன்றை அவரை விடுத்துப் பேச இயலாது. அவற்றுள் ஒன்று அவர் ஏற்ற வேடமொன்றிலிருந்தே கருக்கொண்டது.

1921ஆம் ஆண்டு வலென்சியா நகரில் லோலா பிறந்தார். அறிவும் கவிதையும் செழித்த பெரிய குடும்பம் அது. மூத்த சகோதரர் ஹோசே காவோஸ், தத்துவ அறிஞர் ஒர்தேகா இ கசெத்தின் மாணவர். மாட்ரிட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். ஹைடெக்கரின் பெருநூலை ஸ்பானிய மொழிக்குத் தந்தவர். விசென்தே, அலெகாந்த்ரோ ஆகிய சகோதரர்கள் கவிஞர்களாக அறியப்பட்டனர். 1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1939இல் குடியரசின் தோல்வியில் முடிந்தது. குடியரசின் பக்கம் நின்ற ஹோசே மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்து, 1969இல் அங்கேயே மறைந்தார். தோற்றவர் பக்கத்துக் குடும்பத்தின் மகளாக, பிராங்கோ ஆட்சியின் நெடிய ஆண்டுகளில், தணிக்கையின் கண்காணிப்புக்கு உட்பட்ட நாடகத்திலும் திரையிலும் லோலா தம் கலைவாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பார்தெமும் பெர்லாங்காவும் 1951இல் இணைந்து உருவாக்கிய முதல் படமான 'அந்த இன்பத் தம்பதி'யில் அவர் ஓர் அரசியாகத் தோன்றினார். அக்காலத்தின் ஆடம்பர வரலாற்றுப் படங்களை எள்ளி நகையாடும் காட்சி அது. அன்றுதொட்டு வேலைக்காரி, கிழவி, பிச்சைக்காரி எனச் சிறு வேடங்களே அவரை நாடி வந்தன. அவற்றில் எதையும் அவர் சிறிதாக எண்ணி நடித்ததில்லை என்பதற்கு அப்படங்களே சான்று.

1961இல் லூயிஸ் புனுவல், நெடுநாள் அயல்நாட்டு வாழ்வுக்குப் பின் தாயகம் திரும்பி 'விரிதியானா'வை எடுத்தார். அருளுள்ளம் கொண்ட இளம்பெண் ஒருத்தி அடைக்கலம் தந்த பிச்சைக்காரர்கள், அவள் இல்லாத வேளையில் வீட்டில் விருந்து கொண்டாடுகின்றனர். லியனார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைப்போல் அவர்கள் வரிசையாக அமர, நிழற்படம் எடுப்பதாகச் சொல்லி ஒருத்தி முன்வந்து தன் பாவாடையை உயர்த்துகிறாள். அந்த எனெதினாவே லோலா. கான் விழாவின் உயர்ந்த விருதான தங்க ஓலையை அப்படம் பகிர்ந்துகொண்டது. வத்திக்கான் நாளேடு அதனைக் கண்டித்தது. விருதைப் பெற்றுக்கொண்ட திரைப்படத் துறை இயக்குநர் பதவி இழந்தார். படம் ஸ்பெயினில் தடை செய்யப்பட்டு, 1977இல்தான் அங்குத் திரையிடப்பட்டது. உலகமே வியந்து பேசிய தம் நடிப்பைத் தம் நாட்டு மக்கள் காண, அந்நடிகை 16 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1970இல் புனுவல் மீண்டும் அவரை அழைத்தார். பெனிட்டோ பெரெஸ் கால்தோஸ் 1892இல் எழுதிய 'திரிஸ்தானா' நாவல் தொலேதோ நகரில் படமாயிற்று. காதரீன் தெனேவும் பெர்னாந்தோ ரேயும் முதன்மை வேடங்களை ஏற்க, வீட்டுப் பணிப்பெண் சதூர்னாவாக லோலா நடித்தார். எல்லாவற்றையும் கண்டும் அளந்தே பேசும் அப்பாத்திரம், படத்தின் மௌன சாட்சியாக நிற்கிறது.

சதூர்னா என்னும் பெயர் இயக்குநர் ஹோசே லூயிஸ் போராவின் மனத்தில் தைத்தது. தன் பிள்ளைகளை விழுங்கும் ரோமானியத் தெய்வம் சட்டர்னையும், அக்கொடுமையைத் தீட்டிய கோயாவின் ஓவியத்தையும் அது அவருக்கு நினைவூட்டியது. மகனை விழுங்கும் தாயொருத்தியின் கதை அவ்வாறு கருக்கொண்டது. மனுவேல் குத்தியெரெஸ் அராகோனுடன் இணைந்து போராவ் எழுதி இயக்கிய 'திருட்டு வேட்டைக்காரர்கள்' 1975இல் வெளிவந்தது. காட்டு வீடொன்றில் மகனைத் தன் பிடியில் வைத்திருக்கும் மார்த்தினா என்ற தாயாக லோலா நடித்தார். மகன் ஓர் இளம்பெண்ணை அழைத்து வந்தபோது தாயின் ஆத்திரம், கட்டிவைக்கப்பட்ட பெண் ஓநாயின்மீது பாய்கிறது. அதனை அவள் அடித்துக் கொல்லும் காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று.

தணிக்கையாளர் கோரிய வெட்டுகளுக்குப் போராவ் இணங்கவில்லை. சான் செபஸ்தியான் விழாவில் அப்படம் தங்கச் சிப்பி விருதைப் பெற்றது. பிராங்கோ மறைந்தது அவ்வாண்டு நவம்பரில். திரையரங்குகளில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படத்தைக் கண்டனர். அரை நூற்றாண்டை எட்டிய வயதில், முதன்முறையாக ஒரு படத்தின் முழுப் பாரத்தையும் லோலா தம் தோள்களில் தாங்கினார்.

திரைப்படம் தராத இடத்தை ஓரளவு தொலைக்காட்சி தந்தது. ஸ்பானியத் தேசியத் தொலைக்காட்சி 1965 முதல் ஒளிபரப்பிய 'முதலாம் அரங்கு' என்னும் நாடக வரிசை, உயர்ந்த நாடகங்களை இல்லந்தோறும் கொண்டுசென்றது. அத்தகைய நிகழ்ச்சிகளின் வழியே அவருடைய குரல் மக்களின் செவிக்குப் பழகிற்று.

அந்தக் குரலையே நோய் பறித்துக்கொண்டது. 1980களில் தொண்டையில் கண்ட பிணியால் பேச்சுத் தளர்ந்தது, வாய்ப்புகள் அருகின, வறுமை சூழ்ந்தது. ஓவியனுக்குக் கண் எப்படியோ, மேடையில் வளர்ந்த நடிகைக்குக் குரல் அப்படி. பிறர் குறையென எண்ணிய கரகரப்பைத் தம் தனி முத்திரையாக்கிக் கொண்டவருக்கு அவ்விழப்பு இருமடங்காயிற்று. 1993 ஜூலையில் மாட்ரிட் நகரில் அவர் காலமானார்.

நடித்த படங்களின் பட்டியல் நீண்டது; அவற்றுள் அவர் திரையில் நின்ற நேரமோ பெரும்பாலும் குறுகியது. அக்குறுகிய நேரத்துக்குள் ஒரு முழு வாழ்வை நிறுத்திக் காட்டியவர் லோலா காவோஸ். ஒரு துணை வேடத்தை அவர் தாங்கிய விதம் மற்றொரு கலைஞனின் உள்ளத்தில் புதிய படைப்பொன்றை விதைத்தது. நடிப்புக் கலைக்கு இதனினும் உயர்ந்த விருது அரிது.