சிறையிருந்த வீரர் மாலரி

சென்ற குளிர்கால விடுமுறையில் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் விடுதியிலேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். வெளியே தில்லியின் மூடுபனி; உள்ளே, நண்பர் ஒருவரின் கணிப்பொறியில், 1990-ல் சியெரா நிறுவனத்தார் வெளியிட்ட ‘கான்க்வெஸ்ட்ஸ் ஆஃப் கேமலாட்’ என்ற பழைய விளையாட்டு. திருக்கிண்ணத்தைத் தேடிப் போய்த் திரும்பாத மூன்று வீரர்களை மீட்க ஆர்தர் மன்னனாக நாமே புறப்பட வேண்டும். எட்டு நாளில் முடித்தேன். அன்று முதல் தாழ்வாரத்தில் என்னைக் காண்போரெல்லாம் வழி கேட்கிறார்கள். மலரின் ஆசிரியரும் அதையே எழுதித் தரச் சொன்னார்.

வழி பெரிதில்லை. சண்டை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வையுங்கள். விளையாட்டோடு வரும் சிறு நூலை முதலில் படித்துவிடுங்கள்; சில புதிர்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் வெற்றியை ஒரே எண்ணால் அளப்பதில்லை. திறமை, அறிவு, ஆன்மா என்று மூன்று கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. வாள் வீச்சில் மட்டும் மனத்தை வைத்து முதல் மூன்று நாளையும் நான் வீணாக்கினேன். இரக்கத்திற்கும் இங்கே மதிப்பெண் உண்டு என்பது பிறகுதான் விளங்கியது.

வீரனுக்கு இப்படி ஒரு சட்டத்தை யார் எழுதினார்கள் என்று தேடிக்கொண்டு நூலகத்திற்குப் போனேன். போன இடத்தில் கிடைத்தவர் தாமஸ் மாலரி. ஆர்தர் கதை அவருக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது. ஆனால் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சிதறிக் கிடந்த கதைகளை ஒரே உரைநடை நூலாகத் திரட்டித் தந்தவர் அவரே. அந்நூலில் வட்டமேசை வீரர்கள் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருநாளில் ஒரு சத்தியம் செய்கிறார்கள். கொலையும் கொடுமையும் செய்வதில்லை, துரோகத்தை அண்டுவதில்லை, இரக்கம் கேட்டவனுக்கு மறுப்பதில்லை, பெண்களுக்குத் துணை நிற்பது, ஒருபோதும் அவர்களைப் பலவந்தம் செய்வதில்லை, பொருளுக்காக அநியாயமான சண்டையில் இறங்குவதில்லை. இந்தச் சத்தியம் அவர் எடுத்தாண்ட பிரெஞ்சு மூலத்தில் இல்லை. அவரே சேர்த்தது.

இப்படி எழுதியவர் எத்தகைய உத்தமராக இருந்திருப்பார்! சங்கத்தின் ‘பெரியோர் வரலாறு’ வரிசைக்கு இவரையே எழுதுவதென்று அன்றே முடிவு செய்தேன். அவருடைய வரலாற்றைப் படித்தது மறுநாள்தான்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாரிக்‌ஷயரில் உள்ள நியூபோல்ட் ரெவெல் அவருடைய ஊர். தந்தையார் அந்த வட்டாரத்தில் செல்வாக்குள்ள நிலக்கிழார். மகன் 1441-க்குள் வீரப்பட்டம் பெற்றுவிட்டார். 1445-ல் வாரிக்‌ஷயரின் சார்பில் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார். ஊரே மதிக்கும் கனவான் என்றுதான் அதுவரை தோன்றும்.

1450-ஆம் ஆண்டிலிருந்து எல்லாம் தலைகீழாகிறது. அவ்வாண்டு ஜனவரி 4-ல் ஆயுதம் தாங்கிய 26 பேருடன் காட்டில் மறைந்திருந்து பக்கிங்ஹாம் பிரபுவைக் கொல்லக் காத்திருந்தார் என்பது முதற் குற்றச்சாட்டு. பிறகு மிரட்டிப் பணம் பறித்தது, ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றது என்று பட்டியல் நீள்கிறது. 1451 ஜூலையில் பிடித்துக் கோல்ஸ்ஹில் மாளிகையில் அடைத்தார்கள். இரண்டே நாளில், இருட்டில், அகழியை நீந்திக் கடந்து போய்விட்டார். போனவர் ஒளிந்துகொள்ளவில்லை. கூம் துறவிமடத்தின் கதவுகளை உடைத்துப் புகுந்து, பணத்தையும் விலையுயர்ந்த பொருள்களையும் வாரிக்கொண்டார் என்கின்றன ஆவணங்கள். விளையாட்டில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் நாம் கைதட்டியிருப்போம்!

அவ்வாண்டு ஆகஸ்டில் நனீட்டன் என்னும் ஊரில் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ய மன்றம் கூடியது. அங்கே நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே பக்கிங்ஹாம் பிரபு! இதைப் படித்தபோது என் மனம் துள்ளியது உண்மை. பகையாளியே நீதிபதியானால் குற்றப் பட்டியல் எப்படி இருக்கும்? என் நாயகர் பிழைத்தார் என்று எண்ணி, அந்த உற்சாகத்திலேயே கட்டுரையின் முதற்படியை எழுதி முடித்தேன்.

அதைச் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காட்டினேன். வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்பவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்பவர். படித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: ஜோனை எங்கே காணோம்?

நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். ஹியூ ஸ்மித் என்பவரின் மனைவி ஜோன். 1450 மே மாதத்தில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையுமாக மாலரி அவளைப் பலவந்தம் செய்தார் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்கும் சமாதானம் கூறுவோர் உண்டு. அக்காலச் சட்டச் சொல் பெண்ணைக் கவர்ந்து செல்வதையும் குறிக்கும். கணவன் பெயரால் வந்த வழக்கு. அவள் மனமொப்பியே போயிருக்கலாம் என்பார்கள். ஆனால் ஆவணத்தின் வாசகம் கவர்ந்து சென்றதோடு நிற்கவில்லை, அதற்கு மேலும் சொல்கிறது. அக்கா வாதாடவில்லை. பிரபுவின் பகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவனுக்கு அவளுக்காக ஒரு வரி எழுதக் கை வரவில்லையா என்றார். அவ்வளவுதான். முதற்படியைக் கிழித்துவிட்டேன்.

இனி நடந்தது நடந்தபடி. மாலரி தாம் குற்றவாளியல்லர் என்றார். விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. தீர்ப்பில்லாமலே லண்டன் சிறைகளில் ஆண்டுகள் கழிந்தன. இடையிடையே ஜாமீனில் வருவார். மீண்டும் உள்ளே போவார். 1454-ல் கோல்செஸ்டர் சிறையிலிருந்து வாளும் குத்துவாளும் ஏந்தி வெளியேறினார், மறுபடி பிடிபட்டார். 1455-ல் யார்க் பிரபுவின் ஆட்சிக் காலத்தில் மன்னிப்புக் கிடைத்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போது நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. லங்காஸ்டர் கட்சியும் யார்க் கட்சியும் அரியணைக்கு அடித்துக்கொண்டன. 1460-ல் யார்க் கட்சியின் கை ஓங்கியபோது விடுதலை பெற்றார். 1462-ல் நான்காம் எட்வர்டு மன்னரின் படையோடு வடக்கே போனார். ஆனால் 1468-ல் அதே எட்வர்டு பொதுமன்னிப்பு வழங்கியபோது விலக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கட்சி மாறியிருக்க வேண்டும். மீண்டும் சிறை.

அந்தச் சிறையில்தான் நூல் முடிந்தது. எட்வர்டின் ஆட்சியில் ஒன்பதாம் ஆண்டு என்று அவரே குறிக்கிறார். அதாவது 1469-க்கும் 1470-க்கும் இடையில். சிறை அவர் எழுத்தில் எங்கே தெரிகிறது என்று தேடினேன். டிரிஸ்ட்ராம் என்னும் வீரன் சிறையில் நோயுறும் கட்டம் ஒன்று. உடல்நலம் இருக்கும்வரை கைதி பொறுத்துக்கொள்வான், நோயும் வந்து சேர்ந்தால் அழ வேண்டியதுதான் என்ற கருத்தை அங்கே நூலாசிரியர் தம் குரலிலேயே சொல்கிறார். வேறோரிடத்தில், உலகத்திலேயே சிறந்த அரசனைப் பெற்றும் அவனோடு நிறைவு கொள்ளாமல் புதியவனை நாடிப் போன ஆங்கில மக்களை நொந்துகொள்கிறார். ஆர்தர் காலத்தைப் பற்றி எழுதுவதாகப் பெயர். தம் காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்.

1471 மார்ச் 14-ல் மாலரி இறந்தார். நாடு கடந்திருந்த எட்வர்டு அரியணையை மீட்க ரேவன்ஸ்பர் கடற்கரையில் வந்து இறங்கியதும் அதே நாள்தான். நியூகேட் சிறைக்கு அருகிலிருந்த கிரேபிரையர்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறை இன்று இல்லை.

நூல் அச்சேறியது 1485 ஜூலை 31-ல். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அதை 21 பகுதிகளாக வகுத்து வெளியிட்டார். ஆசிரியர் யார் என்பதை நெடுங்காலம் ஒருவரும் ஆராயவில்லை. 1890-களில் அமெரிக்கப் பேராசிரியர் கிட்ரெட்ஜ், நியூபோல்ட் ரெவெல் ஊரினரே அவர் என்று காட்டினார். 1928-ல் ஹிக்ஸ் என்பவர் நனீட்டன் குற்றச்சாட்டுகளை வெளியிட்டார். இந்த மனிதரா அந்த நூலை எழுதினார் என்று அறிஞர்கள் திகைத்தார்கள். அதே பெயருடைய வேறொருவரைத் தேடிப் போனவர்களும் உண்டு. பெரும்பாலோர் இன்று இவரையே ஏற்கின்றனர்.

1934-ல் வின்செஸ்டர் கல்லூரியில் பழைய நூல்களின் கட்டடங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஓக்‌ஷாட் என்னும் ஆசிரியருக்கு, முதலும் கடைசியும் இழந்த கையெழுத்துப் படி ஒன்று தட்டுப்பட்டது. மாலரியின் நூலேதான். வீரர்களின் பெயர்களெல்லாம் சிவப்பு மையில். காக்ஸ்டனின் அச்சகத்து மை அந்தத் தாள்களில் ஒட்டியிருப்பதைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அச்சகத்தில் அது கிடந்திருக்கிறது. காக்ஸ்டன் விட்டுவிட்ட ஓரிடம் அதில் இருக்கிறது. முதற் கதையின் முடிவில், தாம் சிறையில் இருக்கும் வீரர் என்று அவர் தம்மைக் குறித்திருக்கிறார். கடவுள் விரைவில் நல்ல விடுதலை தரவேண்டும் என்றும் வேண்டுகிறார். நூலின் கடைசியில், உயிரோடிருக்கும்போது தம் விடுதலைக்காகவும் இறந்தபின் தம் ஆன்மாவுக்காகவும் பிரார்த்திக்கும்படி படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறார்.

அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்த இரவு நான் வேண்டிக்கொண்டேன். அக்கா வேண்டிக்கொள்ள மறுத்துவிட்டார். ஜோன் வேண்டியது என்னவென்று எந்த ஏட்டிலும் இல்லையே என்றார்.

விளையாட்டின் சேமித்த நிலைகள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுவோர் இரவு உணவுக்குப் பின் என் அறைக்கு வரலாம்.