மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்

மூளையில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. மூளையைப் போர்த்தியுள்ள உறையிலிருந்து முளைத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் தீங்கற்ற கட்டிகளும் உண்டு. தீங்கற்றது என்பது பெயரளவில்தான். மண்டையோடு விரிந்துகொடுக்காது, எனவே வளரும் கட்டி மூளையை நெருக்கும். வலிப்பு வரும், பார்வை மங்கும், முடிவில் உயிரே போகும். முழுமையாக அகற்றினால் நோயாளி பிழைப்பார். ஆயினும், கட்டியைத் தொட்டவுடன் பீறிடும் குருதியை நிறுத்த வழியறியாது மருத்துவர்கள் பின்வாங்கிய காலம் அது. அக்குருதியோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் ஹார்வி குஷிங்.

இவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பத்தில், பத்தாவது குழந்தையாக 1869இல் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்றபோது, இவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் அறுவை அரங்கிலேயே இறந்தார். படிப்பையே கைவிட எண்ணியவர், மனம் தேறி, உடன்பயின்ற காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் இடைவிடாது குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். இன்று அத்தகைய பதிவு இல்லாமல் எந்த அறுவையும் நடைபெறுவதில்லை.

1910இல் படைத்தளபதி லெனார்டு வுட் இவரை நாடி வந்தார். மூளை உறைக்கட்டியால் அவருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. குருதிப்பெருக்கு மிகுந்ததால் சில நாள் இடைவெளியில் இருமுறையாகக் கட்டியை அகற்றினார் குஷிங். நலமடைந்த வுட் அமெரிக்கத் தரைப்படைக்குத் தலைமை தாங்கினார். பின்னர்ப் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆளுநரானார்.

மறு ஆண்டே, நுண்ணிய குருதிக்குழாய்களை நெரித்து மூடும் வெள்ளிக் கவ்விகளைக் குஷிங் அறிமுகப்படுத்தினார். 1922இல் இவ்வகைக் கட்டிக்கு மெனிஞ்சியோமா எனப் பெயரிட்டார். இயற்பியலாளர் வில்லியம் போவி, மின்னோட்டத்தால் தசையை வெட்டவும் குருதிக்குழாயைச் சுட்டு மூடவும் வல்ல கருவி ஒன்றை அமைத்திருந்தார். குருதிப்பெருக்கால் பாதியில் நிறுத்திய ஓர் அறுவையைச் சில நாள்கள் கழித்து, 1926 அக்டோபரில், அக்கருவியின் துணையால் குஷிங் முடித்தார். இயலாது என்று முன்பு அனுப்பிவிட்ட நோயாளிகளையும் மீண்டும் அழைத்தார். உடன் பணியாற்றியோரைக் கடிந்து வேலைவாங்கும் இயல்பினர் இவர். தம்மை அதனினும் கடிந்துகொண்டார்.

1927இல் வுட் திரும்பி வந்தார். கட்டி மீண்டும் வளர்ந்திருந்தது. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் மூளையில் குருதி கசிந்து அவர் இறந்தார். குஷிங் இதனை மறைக்கவில்லை. லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் பெண் மருத்துவருடன் இணைந்து 1938இல் வெளியிட்ட நூலில், 313 நோயாளிகளின் வரலாறுகளோடு இதனையும் விரிவாக எழுதினார்.

1939இல் குஷிங் மாரடைப்பால் மறைந்தார். உடலை ஆராய்ந்தவர்கள், மூளையின் மூன்றாம் அறையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி ஒன்றைக் கண்டனர். அது கூழ்மப்பை எனப்படும், மிக அரிதான, தீங்கற்ற வகையைச் சேர்ந்தது.