ஒற்றைக் கோல் மேஜர்

ஜப்பானின் மேற்குக் கரையில் நீகாட்டா மாகாணத்தில் ஜோயெட்சு என்றொரு நகரம் இருக்கிறது. அதன் ஓரத்தில் கனாயா என்று ஒரு குன்று. மலை என்று சொன்னால் மற்ற மலைகளுக்குக் கோபம் வரும். உயரம் 150 மீட்டர்கூடக் கிடையாது. நிசேகோ, ஹாகுபா என்ற பெரிய பனிமலைகளைத் தேடிப் பல தேசத்துச் செல்வந்தர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்களில் கனாயாவை எட்டிப் பார்ப்பவர் வெகு சிலர். பனி நன்றாக விழும் ஆண்டுகளில் உள்ளூர்க் குழந்தைகள் அங்கே சறுக்கிப் பழகுவார்கள். அமைதியான இடம்.

ஆனால் ஜப்பானில் 'ஸ்கீ' என்ற பனிச்சறுக்குக் கலை முறையாகப் பிறந்தது இந்தக் குன்றில்தான். அதைப் பிறப்பித்தவர் ஜப்பானியர் அல்லர். ஆஸ்திரியப் பட்டாளத்து மேஜர் ஒருவர். பெயர் தியோடோர் வான் லெர்க். குன்றின் மேல் ராணுவ உடையில் நிற்கும் அவருடைய சிலையில், கையில் ஒரே ஒரு நீண்ட கோல். பனிச்சறுக்குக்காரர் கையில் இரண்டு கோல்கள் அல்லவா இருக்க வேண்டும், சிற்பி ஒன்றை மறந்துவிட்டாரோ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைக்கலாம். மறக்கவில்லை. அந்த ஒற்றைக் கோலில் ஒரு கதை இருக்கிறது.

பனியில் புதைந்த பட்டாளம்

லெர்க் ஜப்பானுக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு பயங்கரத்தை முதலில் சொல்ல வேண்டும். 1902 ஜனவரி 23-ந் தேதி, வட ஜப்பானிலுள்ள ஆவோமோரி நகரிலிருந்து 210 சிப்பாய்களும் அதிகாரிகளும் ஹக்கோதா மலையை நோக்கிப் புறப்பட்டார்கள். ருஷ்யாவுடன் யுத்தம் வரும் என்று ஜப்பான் எதிர்பார்த்திருந்த காலம். கடுங்குளிரில் படை நடத்திப் பழக வேண்டும் என்பது நோக்கம். போக வேண்டிய தூரம் சுமார் 20 கிலோமீட்டர். மலையில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. இரவு அங்கே தங்கிக் குளித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தார்கள்.

பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வழி தவறியது. அந்த வாரம் ஜப்பானின் வரலாற்றிலேயே கொடிய குளிர் வாரம். ஜனவரி 25-ந் தேதி வடக்கே ஆசாஹிகாவாவில் பூஜ்யத்துக்குக் கீழே 41 டிகிரி பதிவாயிற்று. தேடிப் போனவர்கள் முதலில் கண்டது, இடுப்பளவு பனியில் புதைந்து, விழாமல் நின்றபடியே உறைந்துபோயிருந்த ஒரு கார்ப்பரலை. அவர் பிழைத்தார். 210 பேரில் 199 பேர் மாண்டார்கள்.

பகைவன் சுட்டு ஒருவரும் சாகவில்லை. கால் புதையும் பனியில் நகர முடியாததே காரணம். வைக்கோல் செருப்பும், அதன் அடியில் கட்டும் வளையமும்தான் அன்று ஜப்பானியச் சிப்பாய்க்கு இருந்த பனிச் சாதனங்கள். இந்தத் துக்கம் ஜப்பானிய சேனாபதிகளின் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மாணவராக வந்தவர்

லெர்க் பிறந்தது 1869 ஆகஸ்டு 31-ந் தேதி, பிரெஸ்பர்க் நகரில். இன்று ஸ்லோவாகியா நாட்டின் தலைநகரான பிராட்டிஸ்லாவாதான் அது. அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. ராணுவத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். மலைப் பிரதேசங்களில் உத்தியோகம் பார்த்தவருக்குப் பனிச்சறுக்கில் மோகம் ஏற்பட்டது. அப்போது அவருக்குக் கிடைத்த குரு சாதாரணமானவர் அல்லர்.

அந்தக் குருவின் பெயர் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி. லிலியன்ஃபெல்டு என்ற சிற்றூருக்கு அருகே மலைப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த ஏகாங்கி. நார்வே வீரர் நான்சென் பனிச்சறுக்கில் கிரீன்லாந்தைக் கடந்த வரலாற்றைப் படித்துவிட்டு, நார்வேயிலிருந்து ஒரு ஜோடி ஸ்கீ வரவழைத்தார். அவை ஆஸ்திரியாவின் செங்குத்தான சரிவுகளுக்கு உதவவில்லை. நார்வேக்காரர்கள் அலையலையான சமவெளிகளில் தூரம் போவதற்கென்று செய்தவை அவை. குதிகால் எழும்பிக்கொண்டே இருக்கும், திருப்புவது கஷ்டம். ஸ்தார்ஸ்கி பலகையைக் குட்டையாக்கினார். காலை இறுகப் பிடிக்கும் எஃகுக் கட்டு ஒன்றைத் தாமே வடிவமைத்தார். கையில் ஆள் உயரத்தையும் மிஞ்சும் ஒரு கோல். அதைப் பக்கத்தில் ஊன்றிப் பலகைகளை ஆப்பு வடிவில் விரித்து, பாம்பு வளைவதுபோல இடமும் வலமும் திரும்பித் திரும்பி இறங்கினால் எந்தச் சரிவும் அஞ்சத்தக்கதல்ல என்று காட்டினார். மலைச் சரிவில் பனிச்சறுக்கும் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் அவர்தான். அந்த இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்த ராணுவ மாணவர்களில் லெர்க் முக்கியமானவர்.

1904-05 யுத்தத்தில் குட்டி ஜப்பான், ருஷ்யப் பூதத்தை வீழ்த்தியது. ஐரோப்பா திகைத்தது. இந்தப் படையின் ரகசியம் என்ன என்று நேரில் பார்த்து வர ஐரோப்பிய அரசாங்கங்கள் அதிகாரிகளை அனுப்பின. அப்படி வந்தவர்தான் லெர்க். 1910 இறுதியில் ஜப்பானில் இறங்கியபோது அவருக்கு வயது 41. வந்தது கற்றுக்கொள்ள, கற்பிக்க அல்ல. பெட்டியோடு பெட்டியாக ஸ்கீக்களும் வந்தன என்பதுதான் விசேஷம்!

மீசை ஜெனரல்

அவரை அனுப்பிய இடம் தகாதா. பிற்காலத்தில், 1971-ல், பக்கத்துத் துறைமுகமான நவோயெட்சுவோடு சேர்ந்து ஜோயெட்சு என்று பெயர் மாறிய ஊர் இதுதான். சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து இங்குள்ள மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டும். கடைத்தெருவில் வீட்டுக்கு வீடு கூரையை முன்னால் நீட்டி, அதன் கீழே நடைபாதை அமைத்திருப்பார்கள். தெரு பனியால் மூடிப்போனாலும் ஊர் ஜனங்கள் அந்தத் தாழ்வாரங்களுக்குள்ளேயே நடந்து போய்ச் சாமான் வாங்கி வரலாம். முன்காலத்தில் பனிக்கு மேலே பலகை நட்டு, இதற்கு அடியில் தகாதா இருக்கிறது என்று எழுதி வைத்தார்களாம். நம்புவதும் நம்பாததும் வாசகர்கள் இஷ்டம். அந்த ஊர்ப் பனியைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

தகாதாவிலிருந்த 13-வது டிவிஷனின் தளபதி ஜெனரல் நாகாவோகா காய்ஷி. முகத்தின் இருபுறமும் விமானத்தின் காற்றாடிபோல நீண்டு நிற்கும் அவருடைய மீசை ஜப்பான் முழுவதும் பிரசித்தம். புதுமை எதைக் கண்டாலும் விடமாட்டார். பிற்காலத்தில் ஆகாய விமானத்துக்கும் அவரே பெரிய பிரசாரகர். ஹக்கோதாவை மறக்காதவர். தம் கையில் வந்து சேர்ந்த வெள்ளைக்கார மேஜருக்குப் பனிச்சறுக்குத் தெரியும் என்றதும் சும்மா இருப்பாரா? லெர்க் கொண்டுவந்த ஸ்கீக்களைப் பார்த்து ராணுவத் தொழிற்சாலையில் நகல் செய்யச் சொன்னார். 58-வது காலாட்படையின் தலைவர் கர்னல் ஹோரியுச்சியிடம் ஏற்பாட்டை ஒப்படைத்தார். பயிற்சிக்குப் பொறுக்கியெடுத்த அதிகாரிகள் 14 பேர்.

1911 ஜனவரி 12-ந் தேதி முதல் பாடம். லெர்க்கின் முதல் கட்டளை பிரெஞ்சு மொழியில் வந்தது என்றும், ஸ்கீயை மாட்டிக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள் என்றும் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். ருஷ்யாவை வென்ற படையின் அதிகாரிகள், குழந்தைகள் நடை பழகுவதுபோல் விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். லெர்க் கண்டிப்பான வாத்தியார். மாணவராக வந்தவர் ஒரே வாரத்தில் ஆசிரியராகிவிட்டார்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பான் மண்ணில் முதன்முதலாக ஸ்கீயைக் காட்டியவர் லெர்க் அல்லர். 1908-லேயே வடக்கே சப்போரோவில் விவசாயக் கல்லூரியில் பாடம் சொன்ன ஹான்ஸ் கோலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் நார்வே பாணி ஸ்கீயை மாணவர்களுக்குக் காட்டியிருந்தார். ஆனால் முறை வைத்து, வகுப்பு வைத்து, ஆட்களைத் தயார் செய்து, அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி செய்தவர் லெர்க். முதல் பெருமையைக் கோலருக்குக் கொடுத்தாலும், பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பெருமை மேஜருக்குத்தான்.

நாகாவோகாவும் ஹோரியுச்சியும் இதைப் படைவீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் ஜனங்களும் கற்கட்டும் என்றார்கள். பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். அதிகாரிகளின் மனைவிமார் கிமோனோ கட்டும் வழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பனியில் இறங்கினார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் அது சின்ன விஷயமல்ல. பக்கத்து நாகானோ மாகாணத்து இயாமா ஊரிலிருந்து ஒரு புத்த மடத்துத் துறவி வந்து கற்றுத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அருகிலுள்ள நோசாவா வெந்நீர் ஊற்றுக் கிராமத்துக்குப் பள்ளி மாணவர்கள் கொண்டுபோனார்கள். குளிர்காலம் முழுதும் முடங்கிக் கிடந்த மலைக் கிராமங்களுக்குப் பனியே பிழைப்பாக மாறிய வரலாறு இப்படித்தான் தொடங்கியது.

1912-ல் லெர்க் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போய், ஆசாஹிகாவாவிலிருந்த 7-வது டிவிஷனுக்கும் சொல்லிக் கொடுத்தார். 41 டிகிரி குளிர் பதிவான அதே ஊர்! அவ்வருடம் ஏப்ரலில் யோட்டே என்ற எரிமலையில் ஸ்கீயோடு ஏறினார். இன்று உலகப் புகழ் பெற்ற நிசேகோவுக்கு நேர் எதிரே நிற்கும் மலை அது. அன்று அங்கே ஏறி இறங்கியவர்களைக் கூட்டமாகக் கண்டு களிக்க ஓட்டல்களும் இல்லை, விஞ்சுகளும் இல்லை.

பகைவர் ஆன மாணவர்கள்

லெர்க் தாயகம் திரும்பிச் சில காலத்துக்குள் 1914 வந்தது. ஆகஸ்டு 25-ந் தேதி ஜப்பான், ஆஸ்திரியா-ஹங்கேரியின் மேல் யுத்தப் பிரகடனம் செய்தது. தகாதா மாணவர்களும் குருவும் சட்டப்படி பகைவர்கள்! நல்ல வேளை, அவர்கள் ஒரு போர்க்களத்திலும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. லெர்க் ஐரோப்பியப் போர்முனைகளில் இருந்தார். மேஜர் ஜெனரலாக 1919-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றபோது அவர் சேவித்த சாம்ராஜ்யமே இல்லை. 1918-ல் அது துண்டு துண்டாக உடைந்துவிட்டது. பிறந்த ஊர் வேறு நாட்டுக்குப் போயிற்று. பணவீக்கத்தில் பென்ஷன் கரைந்தது. வியன்னா நகரில் சிக்கனமாக வாழ்ந்துகொண்டு, தாம் கண்ட ஜப்பானைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்துவந்தார்.

அங்கே ஜப்பானில் அவருடைய முறைக்கும் வயதாகிவிட்டது. இரண்டு கோல் பிடிக்கும் நார்வே பாணி சப்போரோ பக்கத்திலிருந்து பரவிற்று. வேகம் அதில் அதிகம். 1923-ல் ஒட்டாருவில் நடந்த முதல் அகில ஜப்பான் போட்டியோடு ஒற்றைக் கோலின் காலம் முடிந்தது என்று சொல்லலாம். 1930-ல் ஆஸ்திரியாவிலிருந்தே ஹன்னஸ் ஷ்னைடர் என்ற இன்னொரு மேதை ஜப்பானுக்கு வந்து புதிய முறையைக் காட்டி ஆரவாரமான வரவேற்புப் பெற்றார். பன்னிரண்டே ஆண்டுகளில் பழைய பாடமாகிவிட்ட ஓர் ஆசிரியரை யார் நினைப்பார்கள்?

தகாதா நினைத்தது. அதே 1930-ல் ஜப்பானிய ஸ்கீ பிறந்த இடம் என்று கனாயாவில் நினைவுக் கல் நாட்டினார்கள். வாத்தியார் வறுமையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊரார் பணம் திரட்டி வியன்னாவுக்கு அனுப்பினார்கள். லெர்க் சித்திரம் எழுதுவார். வெறுங்கையோடு வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை; தாம் வரைந்த சித்திரங்களைக் கட்டி தகாதாவுக்கு அனுப்பி வைத்தார்.

1945 பிப்ரவரி 26-ந் தேதி தகாதாவில் பனி 377 சென்டிமீட்டர் உயரம் குவிந்தது. அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பதிவானதில்லை. யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம் அது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நான்கு வல்லரசுகளின் பட்டாளங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்த வியன்னாவில், டிசம்பர் 24-ந் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின நாள், லெர்க் காலமானார். வயது 76.

சிலை வைத்தது 1961-ல். அதற்குள் ஜப்பான், ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பதக்கமே வாங்கிவிட்டது: 1956-ல் இகாயா சிஹாரு வென்ற வெள்ளிப் பதக்கம். 1972-ல் சப்போரோவிலும் 1998-ல் நாகானோவிலும் ஒலிம்பிக் பந்தயங்களே நடந்தன. ஸ்தார்ஸ்கியின் லிலியன்ஃபெல்டும் ஜோயெட்சுவும் 1981-ல் சகோதர நகரங்களாயின. ஜனவரி 12-ந் தேதி ஜப்பானில் ஸ்கீ தினம்.

பிப்ரவரியில் கனாயாவில் லெர்க் பெயரால் திருவிழா நடக்கும். இரவில் தீவட்டிகளோடு சறுக்கி இறங்குவார்கள். பழைய ராணுவ உடை தரித்த சிலர், மூங்கில் கோல் ஒன்றை மட்டும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வருவார்கள். வேகம் குறைவுதான். அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அவரை லெர்க்-சான் என்றே மரியாதையாக அழைக்கிறார்கள்.