கியூரி அம்மையார் தந்த பாடம்

வார்சாவில் 1867-ல் ஆசிரியர் குடும்பத்திலே பிறந்தவர் மேரி கியூரி. 1898-ல் ரேடியத்தைக் கண்டார். பாரிசில் ஒழுகும் கொட்டகையிலே டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி, அதைப் பிரித்தும் காட்டினார். காப்புரிமை கேட்டாரில்லை, உலகுக்கே ஈந்தார். இருமுறை நோபல் பரிசு பெற்ற அவரை 1934-ல் இரத்தநோய் கொண்டுபோயிற்று. நெடுநாள் பட்ட கதிர்வீச்சே காரணம் என்பர்.

அவர் குறிப்பேடுகள் இன்றும் ஈயப்பெட்டியிலே! ரேடியம் பாதியாகவே 1,600 ஆண்டுகள். கதிர்த்தூசியைத் துடைக்கலாம், அழிக்க முடியாது. துடைத்த துணியும் நஞ்சே!

2010-ல் டில்லி மாயாபுரியிலே, பல்கலைக்கழகம் ஏலம்விட்ட கோபால்ட் கருவியைப் பழைய இரும்பென்று பிரித்தனர். தொழிலாளி ஒருவர் மாண்டார்.

மூக்கண்டப்பள்ளிப் பட்டறைத் தோழா! கதிர்வீச்சுக் குறி கண்டால் தொடாதே; விலகி நின்று அதிகாரிகளுக்குச் சொல். கதிர்அளவி கேட்பது உன் உரிமை. அறிவுக்காக உயிர் தந்தார் அம்மையார். அலட்சியத்துக்கு உயிர் தரலாமா நாம்?