அகதிப் பிள்ளைகளின் தந்தை ஜாம் சாகேப்

வீட்டில் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆர்வமுள்ள அண்ணனோ தம்பியோ இருந்தால் ரஞ்சிக் கோப்பை என்ற பெயரை நாம் அடிக்கடி கேட்டிருப்போம். துலீப் கோப்பை என்பதும் காதில் விழுந்திருக்கும். ரஞ்சித்சிங்ஜி என்பவர் நவநகர் சமஸ்தானத்தின் மன்னர். துலீப்சிங்ஜி அவருடைய உடன்பிறந்தார் மகன். இவ்விருவர் பெயரையும் அறிந்த நாம், துலீப்பின் தமையனாரும் ரஞ்சிக்குப் பின் அரியணை ஏறியவருமான திக்விஜய்சிங்ஜியைப் பற்றி அதிகம் அறியாதிருப்பது வியப்பே. ஆனால் கடல் கடந்து போலந்து நாட்டுக்குச் சென்றால், அதன் தலைநகரில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளி ஒன்று உண்டு. அவர் நினைவாகச் சதுக்கமும் உண்டு. அந்நாட்டு மக்கள் நம் நாட்டு மன்னர் ஒருவரை இவ்வாறு போற்றக் காரணம் யாது?

இவர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் பிறந்தார். நவநகர் என்பது இன்றைய குஜராத் மாநிலத்தில் கட்ச் வளைகுடாவின் ஓரமாக இருந்த சமஸ்தானம். ஜாம்நகர் அதன் தலைநகர். அதன் மன்னரை மக்கள் ஜாம் சாகேப் என்று அழைப்பர். ராஜ்கோட்டிலும் பின்னர் இங்கிலாந்திலும் கல்வி பயின்ற இவர், 1919 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் இராணுவத்தில் பணிபுரிந்தார். ரஞ்சித்சிங்ஜி 1933-இல் மறைந்ததும் மன்னரானார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும், சமஸ்தான மன்னர்களின் மன்றத்துக்குத் தலைவராகவும் விளங்கினார். ரஞ்சித்சிங்ஜி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கு இந்தியாவின் பிரதிநிதியாகச் சென்றவர். அந்நாட்களில் பதரெவ்ஸ்கி என்னும் போலந்து நாட்டுப் பியானோ மேதையோடு அக்குடும்பத்தாருக்குப் பழக்கம் ஏற்பட்டதாகவும், இளைஞரான திக்விஜய்சிங்ஜி போலந்தின் துயரக் கதையை அப்போதே கேட்டறிந்ததாகவும் சொல்வர்.

உலகப் படத்தில் போலந்தைத் தேடிப் பார்த்தால் அது ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருப்பது தெரியும். திரிகைக் கற்களுக்கு இடையே அகப்பட்ட தானியம் போன்ற நிலைமை. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் மேற்கிலிருந்து ஹிட்லரின் படை புகுந்தது. அதே மாதம் 17-ஆம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் படை புகுந்தது. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்களை 1940-லும் 1941-லும் இரவோடு இரவாகச் சரக்கு இரயில்களில் ஏற்றி, சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கொண்டு சென்றார்கள். காட்டு மரம் வெட்டுவதும் பண்ணையில் உழைப்பதும் அவர்கள் பாடு. குளிராலும் பசியாலும் நோயாலும் பெற்றோர் இறந்தனர், பிள்ளைகள் மிஞ்சினர். 1941 ஜூன் மாதத்தில் ஹிட்லர் சோவியத் நாட்டையே தாக்கியதும் நிலைமை மாறியது. லண்டனில் இருந்த போலந்து அரசும் சோவியத் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. அடைபட்டவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் தாயும் தந்தையும் அற்ற பிள்ளைகள் விடுதலை பெற்று எங்கே போவார்கள்?

அவர்களை ஒன்றுசேர்த்து, இப்போது துருக்மெனிஸ்தானில் உள்ள அஷ்காபாத் நகரின் அனாதை இல்லத்தில் வைத்தனர். அங்கிருந்து பாரசீகத்து மஷத் நகர் வழியாக மலைப்பாதைகளில் லாரிகளில் ஏற்றி, குவெட்டா கொண்டுவந்து, பின் இரயிலில் பம்பாய் சேர்த்தனர். லாரிகள் வெறுமனே போகவில்லை. போகும்போது பம்பாயிலிருந்து நிவாரணப் பொருள்களைச் சுமந்து சென்று, திரும்பும்போது பிள்ளைகளைச் சுமந்து வந்தன. இப்பயணத்தில் உடன்வந்து உதவியவர்களுள் ஒருவர் ஹாங்கா ஓர்தொனூவ்னா என்ற புகழ்பெற்ற போலந்துப் பாடகி. மேடைகளில் கைத்தட்டல் பெற்றவர், தாமே நோயாளியாக இருந்தும் பேன் பிடித்த தலைகளுக்கும் புண் பட்ட கால்களுக்கும் இடையே அமர்ந்து வந்தார். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அக்காலத்தில் இந்தியா சுதந்திர நாடன்று. பிரிட்டிஷ் அரசாங்கமோ இப்பிள்ளைகளுக்கு இடம் எங்கே, செலவு யாருடையது என்று தயங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டுக்கே அது கடினமான ஆண்டு. அதே 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததால், இலட்சக்கணக்கான இந்தியர், அவருள் நம் தமிழர் பலர், காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் வந்து கொண்டிருந்தனர். வழியில் மடிந்தோர் பலர். இத்தகைய வேளையில் அன்னியப் பிள்ளைகளுக்கு ஏன் இரங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தால் அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஜாம் சாகேப் அக்கேள்வியைக் கேட்கவில்லை. ஜாம்நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில், பாலாச்சடி என்னும் ஊரில் தமது கோடைகால அரண்மனைக்கு அருகிலேயே முகாம் அமைக்க இடம் தந்தார். பிற மன்னர்களையும் தொழிலதிபர்களையும் நிதி வழங்கும்படி வேண்டிக்கொண்டார்.

1942-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முகாம் திறக்கப்பட்டது. முதல் கூட்டத்தார் பம்பாயின் பாந்த்ராவில் சில மாதம் தங்கி உடல் தேறிய பிறகே அங்கு வந்தனர். நான்கு ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை அறுநூறு என்பாரும் உளர், ஆயிரம் என்பாரும் உளர். வந்தும் போயும் இருந்ததால் கணக்கு மாறுபடுகிறது போலும். மன்னர் அவர்களை வரவேற்று, இனி அவர்கள் அனாதைகள் அல்லர், நவநகர் மக்கள், நவநகர் மக்களுக்கெல்லாம் பாப்புவாகிய தாமே அவர்களுக்கும் பாப்பு என்று தெரிவித்தார். குஜராத்தி மொழியில் பாப்பு என்றால் தந்தை. பிள்ளைகளும் கடைசி வரை அவரை அப்படியே அழைத்தனர்.

ஒரு முகாமை நடத்துவது ஒருவரால் ஆகும் காரியமன்று. இடம் மன்னருடையது. போலந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் பம்பாயிலிருந்த போலந்துத் தூதரக அதிபரின் துணைவியார் கீரா பனசின்ஸ்கா அம்மையார். முகாமின் பொறுப்பதிகாரியாக இருந்தவர் சங்கைக்குரிய பிரான்சிசெக் புளூட்டா சுவாமிகள் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். ஆசிரியைகளும் தாதியரும் அகதிகளாகவே வந்த போலந்துப் பெண்மணிகள். அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்துக்கு அதிகாரிகள் தனியே இருந்தனர். சமஸ்தானம், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், இரண்டு அரசாங்கங்கள் என்று இத்தனை பேரையும் ஒரே வண்டியில் பூட்டி, வண்டி குடைசாயாமல் ஓட்டியதுதான் பெரிய காரியம் என்பது எங்கள் எண்ணம். இன்று ஐக்கிய நாடுகள் சபைக்கு அகதிகள் நலனுக்கென்றே ஓர் உயர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. அது 1950-இல்தான் தோன்றியது. பாலாச்சடியில் அடுப்பு மூட்டிய காலத்தில் பின்பற்றுவதற்கு விதிப்புத்தகம் ஏதுமில்லை.

அடுப்பு என்றதும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்க் காரம் அப்பிள்ளைகளின் நாக்குக்கு ஒத்துவரவில்லை. எனவே கோவாவிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்தனர். ஒருமுறை சமையலறையில் கீரையை ஓயாமல் போட்டதால் பிள்ளைகள் சாப்பிட மறுத்து வேலைநிறுத்தமே செய்துவிட்டனர். செய்தி ஜாம் சாகேப் காதுக்கு எட்டியது. பட்டினியால் சாகக் கிடந்து மீண்ட பிள்ளைகள் உணவை ஒதுக்குவதா என்று அவர் சினம் கொள்ளவில்லை. கீரை சமைப்பதை நிறுத்தும்படி கட்டளையிட்டார்! முகாமில் வளர்ந்தோர் முதுமையில் சொன்ன நினைவுகளில் இச்சம்பவம் தவறாமல் இடம்பெறுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழியர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவர். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. முன்னர் வேண்டாம் என்று சொல்லவே பயந்து நடுங்கிய பிள்ளைகள், இங்கே அஞ்சாமல் வேண்டாம் என்று சொல்லத் துணிந்தனர். வீடு என்று நம்பினால்தானே அடம் பிடிக்கத் தோன்றும்!

ஜாம் சாகேப் தம் இந்து சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சோமநாதர் ஆலயத்தைப் புதுப்பிக்கும் பணிக்குப் பின்னாளில் துணைநின்றவர். இன்றும் அவ்வாலயத்துக்குச் செல்லும் அன்பர்கள் திக்விஜய துவாரம் என்று அவர் பெயர் சூட்டிய வாயிலைக் காணலாம். அத்தகையவர் தம் மண்ணில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சிற்றாலயம் அமைய இடமளித்தார். அங்கே திருப்பலி நடந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் குடில் நாடகம் நடந்தது. பிள்ளைகளின் நாடகங்களையும் நாட்டுப்புற நடனங்களையும் மன்னரே வந்திருந்து கண்டு மகிழ்வார். போலந்தின் வெள்ளை சிவப்புக் கொடி முகாமில் பறந்தது. பாடங்கள் போலிஷ் மொழியிலேயே நடந்தன. அவர்களைத் தம்மவர்களாக ஏற்றுக்கொண்டாரே தவிர, தம்மைப் போல மாற்ற முயலவில்லை.

இனிச் சொல்லப்போவதே எங்களுக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. 1945-இல் போர் முடிந்தது. போலந்தில் கம்யூனிஸ்டு அரசு அமைந்தது. பிரிட்டனும் அதையே அங்கீகரித்து, லண்டனிலிருந்த பழைய அரசைக் கைவிட்டது. புதிய அரசு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்படி கோரியது. பிள்ளைகள் நடுங்கினர். அவர்களுள் பலருடைய ஊர்கள் இப்போது சோவியத் நாட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டன. எவர் தங்களைச் சரக்கு இரயிலில் ஏற்றினாரோ அவரிடமே திரும்பச் செல்வதா? சாப்பாடும் கூரையும் துணியும் நான்கு ஆண்டுகள் கொடுத்தாயிற்று. கடமை முடிந்தது என்று ஜாம் சாகேப் விலகியிருக்கலாம். ஆனால் பெற்றோரற்ற பிள்ளைக்குச் சட்டத்தின் முன் பேச ஆள் வேண்டும் அல்லவா? ஜாம் சாகேப், புளூட்டா சுவாமிகள், கிளார்க் என்னும் ஆங்கில அதிகாரி ஆகிய மூவரும் அவ்வனாதைகளைச் சட்டப்படி கூட்டாகத் தத்தெடுத்துக் கொண்டனர். பாப்பு என்று வாயால் சொன்ன சொல் அன்று பத்திரமாயிற்று. தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளைகளை யாரும் கொண்டுபோக முடியாது.

ஒரு தாளில் இவ்வளவு இருக்கிறதா என்று சிலர் எண்ணலாம். நம் திருப்பூரில் வாழ்வோருக்கு அந்த ஐயம் எழாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வரும் அக்காமார் இரயிலை விட்டு இறங்கும்போதே ஆதார் அட்டையைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கம்பெனியில் சேர்வதும் வாடகைக்கு வீடு பிடிப்பதும் கடினம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழருக்குத் தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. 2021 முதல் அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசு அழைக்கிறது. பெயர் மாறியது நல்லதே. ஆயினும் இங்கேயே பிறந்து, நம் பாடப் புத்தகங்களையே படித்து, நம்மைப் போலவே தேர்வு எழுதியும், இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் அம்முகாம்களில் பலர். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. ஜாம் சாகேப் இட்ட கையெழுத்தின் அருமை அம்முகாம்களில் வாழ்வோருக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

1946-ஆம் ஆண்டு இறுதியில் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. எஞ்சியிருந்த பிள்ளைகள் கோல்ஹாப்பூருக்கு அருகில் வலிவடே என்னும் இடத்திலிருந்த பெரிய முகாமுக்குச் சென்றனர். அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து மக்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும், 1948 வரை வாழ்ந்தனர். பின்னர் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போலந்து என்று திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். நாடு விடுதலை அடைந்ததும் ஜாம் சாகேப் தம் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்து, 1948 முதல் 1956 வரை சௌராஷ்டிர மாநிலத்தின் ராஜப்பிரமுகராக இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையிலும் இந்தியாவின் சார்பில் பணியாற்றினார். 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

போர்க்காலத்தில் போலந்துப் பிரதமர் சிக்கோர்ஸ்கி, இவ்வுதவிக்குக் கைம்மாறாக என்ன செய்யலாம் என்று வினவியதாகவும், விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரை வைத்தால் போதும் என்று ஜாம் சாகேப் விடையளித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. சிக்கோர்ஸ்கி 1943-இல் ஜிப்ரால்டரில் விமான விபத்தில் மாண்டார். பின் வந்த ஆட்சியிலோ சைபீரியாவைப் பற்றி வாய்திறக்கவே வழியில்லை. அப்புறம் எப்படி இம்மன்னரை நினைப்பது? கம்யூனிஸ்டு ஆட்சி 1989-இல் முடிவுற்றது. 1999-இல் வார்சா நகரின் பெத்நார்ஸ்கா பள்ளி அவரைத் தன் புரவலராக ஏற்றது. 2012-இல் நல்ல மகாராஜா சதுக்கம் என்று ஒரு சதுக்கத்துக்குப் பெயரிட்டனர். அரசும் உயரிய விருதொன்றை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. கேட்டது தெரு, கிடைத்தது சதுக்கம். ஆனால் கேட்டவர் மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்ற நம் மாணவ மாணவியர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட, எல்லை கடந்து போலந்துக்குள் நுழைந்தனர். விசா இன்றியே அந்நாடு அவர்களை உள்ளே விட்டது. அப்போது ஜாம் சாகேபின் பெயரை அங்கும் இங்கும் பலர் நினைவுகூர்ந்தனர்.

பாலாச்சடியில் முகாம் இருந்த நிலத்தில் இன்று சைனிக் பள்ளி நடைபெறுகிறது. அங்கு வளர்ந்த போலந்துப் பிள்ளைகள் நரைத்த தலையோடு திரும்பி வந்து நினைவுச் சின்னம் நிறுவியிருக்கின்றனர். வார்சாவில் அவர் பெயரைத் தாங்கும் பள்ளியோ, போரால் வீடிழந்து வரும் வேற்று நாட்டுப் பிள்ளைகளையும் தன் வகுப்புகளில் சேர்த்துக்கொள்கிறது.