வக்கம் காதர்: பினாங்கில் உளவுப் பயிற்சி, சென்னையில் தூக்கு - 26 வயதில் முடிந்த ஒரு வாழ்க்கை

பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1816ல் தொடங்கிய பள்ளி, துங்கு அப்துல் ரஹ்மானும் பி. ரம்லியும் படித்த இடம். இப்படித்தானே சொல்வீங்க?

ஆனா 1942ல், ஜப்பானிய ஆட்சியின்போது, அந்தப் பள்ளியில் வேற ஒரு வகுப்பு நடந்தது. மாணவர்கள் மலாயாவில் இருந்த இந்திய இளைஞர்கள். பாடம், உளவு. அங்கே பயிற்சி பெற்ற ஒருவரைத்தான் கேரளத்தின் பகத் சிங் என்று இன்றும் அழைக்கிறார்கள். அவர் பெயர் வக்கம் அப்துல் காதர்.

மலாயாவுக்கு வேலை தேடி வந்த ஒருவர் சென்னைச் சிறையில் தூக்குமேடை ஏறியது எப்படி? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்தக் காதர்?

1917 மே 25ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள வக்கம் என்ற ஊரில் பிறந்தவர். கால்பந்தும் பாட்டும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். திருவிதாங்கூரில் அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அதிகாரம் கொடிகட்டிப் பறந்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டங்களில் மாணவராக இருந்தபோதே காதர் கலந்துகொண்டார்.

1938ல், 21 வயதில், மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். நம்ம தாத்தா பாட்டிகளில் பலர் வந்ததும் இப்படித்தான். ஆனால் காதர் தோட்டத்துக்குப் போகவில்லை. அவருக்குப் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. ஜேகேஆர்னு இன்னைக்கு நாம சொல்ற துறைதான். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால், மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பிக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருப்பார்.

1941 டிசம்பரில் என்ன நடந்தது?

போர் வந்தது. டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு மழை பொழிந்தன. சில நாட்களில் ஆங்கிலேயர்கள் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கைவிடப்பட்டார்கள்.

கோட்டை கார்ன்வாலிஸில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடி ஏற்றியவர் யார் தெரியுமா? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து. டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் ஊருக்குள் வந்தார்கள்.

ஆளத் தெரிந்தவர்களுக்குக் காக்கத் தெரியவில்லை என்பதை மக்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். மலாயா இந்தியர் பலருக்கு பிரிட்டிஷ் ஆட்சி மீது இருந்த பயம் அன்றோடு போனது. இந்திய சுதந்திரச் சங்கத்தில் ஆட்கள் வேகமாகச் சேர்ந்தார்கள். காதரும் சேர்ந்தார்.

ஃப்ரீ ஸ்கூலில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

1942ல் அந்தச் சங்கமும் ஜப்பானியரும் சேர்ந்து பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பெயர் சுயராஜ்ய நிலையம். பொறுப்பில் இருந்தவர் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன். இந்தியாவுக்குள் ரகசியமாக நுழைவது, ராணுவத் தகவல் திரட்டுவது, அதை வெளியே அனுப்புவது, இவற்றுக்கான ஆட்களை உருவாக்குவதுதான் நோக்கம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. சங்கத்துக்கு இது நாட்டை விடுவிக்கும் வேலை. ஜப்பானியருக்கு இது எதிரி நாட்டில் ஒற்றர்களை இறக்கும் வேலை. ஒரே வகுப்பறை, ரெண்டு கணக்கு. நடுவில் இருபது வயதுகளில் இருந்த இளைஞர்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முதல் குழு தயாராகிவிட்டது. மொத்தம் 20 பேர். ஒரு பகுதியினர் பர்மா வழியாகத் தரைமார்க்கமாகவும், மற்றவர்கள் நீர்மூழ்கிக் கப்பலிலும் போக வேண்டும் என்று முடிவானது. செப்டம்பர் 18ஆம் தேதி காதர் பினாங்கிலிருந்து புறப்பட்டார்.

கரையில் என்ன ஆனது?

மாதக் கடைசியில், மலபார் கடற்கரையில் தானூர் அருகே காதர் உட்பட 5 பேர் இறக்கிவிடப்பட்டார்கள். இன்னொரு குழு குஜராத் கரையில் இறங்கியது.

ஆனால் அவர்கள் விட்டுப்போன இந்தியா அங்கே இல்லை. அந்த ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு போட்டிருந்தார்கள். சென்னையே பாதி காலியாகியிருந்தது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்து, தலைவர்கள் எல்லாம் சிறையில் இருந்தார்கள். கடற்கரை முழுக்கக் காவல். புதுமுகம் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

காதர் குழு விரைவிலேயே பிடிபட்டது. மற்ற குழுக்களும் தப்பவில்லை. ஒரு குண்டுகூட வெடிக்காமல் காதரின் போர் முடிந்தது.

நேதாஜி அப்போது எங்கே இருந்தார்?

காதரை நேதாஜியின் வீரர் என்று பல இடங்களில் படித்திருப்பீங்க. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்க. காதர் பினாங்கை விட்டுப் புறப்பட்டபோது சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தார். அவர் சிங்கப்பூருக்கு வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றது 1943 ஜூலையில். அதற்குள் காதர் சென்னைச் சிறையில் மரண தண்டனைக் கைதி.

அதாவது, பெரிய தலைவரின் பேச்சைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டுப் போனவர் இல்லை. முழக்கங்களும் அணிவகுப்புகளும் வருவதற்கு முன்னாடியே போனவர்.

1942 டிசம்பருக்குள் இங்கேயும் நிலைமை மாறிவிட்டது. பள்ளியின் இளைஞர்கள் சிலரைத் தன்னைக் கேட்காமலே ஜப்பானியர் இந்தியாவுக்கு அனுப்பியது தெரிந்ததும், ராகவன் எதிர்ப்புத் தெரிவித்துப் பள்ளியையே மூடினார். யார் யாரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் உள்ளே இருந்தவர்களுக்கே வந்துவிட்டது என்பதுதான் இதன் அர்த்தம்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதானா என்று கேட்டால், நம்ம குடும்பங்களே பதில் சொல்லும். 1943ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு அழைத்துப்போனதும் இதே ஜப்பானியர்தான். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

வழக்கும் தண்டனையும்

பிடிபட்டவர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, புனித ஜார்ஜ் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். எதிரி நாட்டு ஒற்றர்களுக்கான அவசரச் சட்டத்தின் கீழ், சிறப்பு நீதிமன்றம் விசாரித்தது. பிரிட்டிஷ் அரசின் பார்வையில் இவர்கள் எதிரியின் ஒற்றர்கள். இவர்கள் பார்வையில், தங்கள் நாட்டுக்கு இவர்கள் எதற்கு ஒற்றர் ஆக வேண்டும்?

5 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் போனிஃபேஸ் பெரைராவின் மரண தண்டனை பிறகு நீக்கப்பட்டது. மீதி நாலு பேர்: திருவிதாங்கூர் முஸ்லிம் காதர், மலையாளி இந்து ஆனந்தன், சீக்கியரான ஃபவுஜா சிங், வங்காளியான சத்யேந்திர சந்திர பர்தன்.

கடைசி இரவில் காதர் தன் தந்தைக்குக் கடிதம் எழுதினார். கேரளத்தில் இன்றும் பேசப்படும் கடிதம் அது. மகனாகத் தன் கடமையைச் செய்ய முடியாமல் போனதை அதில் சொல்கிறார். சாவுக்கு அஞ்சவில்லை என்றும் அமைதியாகச் சொல்கிறார்.

அவருடைய கடைசி ஆசை என்று ஒன்றைச் சொல்வார்கள். தன்னோடு சேர்த்து ஓர் இந்துவையும் தூக்கிலிட வேண்டும், இரண்டு மதத்தவரும் ஒன்றாகச் செத்தார்கள் என்று ஊர் அறிய வேண்டும் என்பதுதான் அது. ஆனந்தனும் அவரும் ஒன்றாக மேடை ஏறினார்கள்.

1943 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. ரமலான் மாதம். காதருக்கு 26 வயது. இந்தியா விடுதலை பெற இன்னும் நாலு வருஷம்கூட இல்லை.

அதற்குப் பிறகு?

பினாங்கில் பள்ளியை நடத்திய ராகவன், சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவுக்குப் போனார். 1954ல் பஞ்சசீலக் கொள்கைகள் இடம்பெற்ற இந்திய-சீன ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். அந்தப் பள்ளியில் படித்த பையன்களில் யாருக்கு என்னென்ன வாய்த்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை, இல்லையா?

காதர் தூக்கிலிடப்பட்ட மத்திய சிறை, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2009ல் அதை இடித்துவிட்டு, மருத்துவக் கல்லூரிக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். 1998ல் இந்திய அரசு காதருக்குத் தபால்தலை வெளியிட்டது.

காதர் ஒற்றரா, தியாகியா என்று யாராவது உங்களிடம் கேட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீங்க. ஜப்பான் அவரைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. அவர் தன் நாட்டுக்காகத்தான் போனார் என்பதும் உண்மை. அவர் பெயரைச் சொல்லும்போது, ஆனந்தன், ஃபவுஜா சிங், பர்தன் பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்க. தனியாக நினைக்கப்பட வேண்டும் என்று காதர் கேட்கவில்லை.